வெள்ளைச் சுவருக்குப் பக்கவாட்டில் ஒரு விளக்கு

கடந்த செவ்வாய்க்கிழமை காலை, எல்லாப் பக்கங்களையும் ஆராய்ந்து, எதிர்த்தரப்பின் வாதங்களையும் பொறுமையாகக் கேட்டபின் (எதிர்த்தரப்பும் நான்தான்), உன் வாசிப்பு விளக்கை மேசையிலிருந்து எடுத்துத் தரையில், சுவரோரமாக வைப்பதென்று தீர்மானித்தேன். ஒரு நாட்டின் எல்லையை நகர்த்தியவர்கள்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள். அந்த விளக்கு இப்போது என் வீட்டில் இருக்கிறது. தகரக் குடையில் உன் விரல் பட்ட இடமெல்லாம் சாந்து காய்ந்து ஒட்டியிருக்கிறது. சூடேறியதும் ஈரச் சுவரின் மணம் வருகிறது. அந்த மணம் வரும்போது வேறு எதையும் செய்ய முடிவதில்லை, ஆகவே எழுதுகிறேன்.

நீ பேர்லினில் பேருந்து ஓட்டினாய். நான் மற்றவர்களுக்கு வரும் அரசாங்கக் கடிதங்களைத் தமிழில் விளங்கப்படுத்திப் பிழைத்தேன். ஓவியம் நம் இருவருக்கும் தேவைப்படாத பொருள். அன்று மழைக்காகத்தான் அந்த அருங்காட்சியகத்துக்குள் ஒதுங்கினோம். உள்ளே, யுத்தத்துக்குப் பிந்திய ஐரோப்பியர்களின் படங்கள். ஒருவர் கித்தானைக் கத்தியால் கிழித்துவிட்டு அப்படியே மாட்டியிருந்தார். இன்னொருவர் பலகையில் ஆணிகளை அடித்து, வேலையை நிழல்களிடம் ஒப்படைத்திருந்தார். மூன்றாமவர் வெள்ளைமேல் வெள்ளையைப் பூசியிருந்தார். நான் வெளியே மழை விட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ அந்த வெள்ளைக்குப் பக்கத்தில் போய், கன்னம் படுமளவுக்குச் சாய்ந்து நின்றாய். காவலுக்கு நின்ற பெண் இருமினாள்.

"மச்சான், இஞ்சை வா. நேரே நிண்டு பார்த்தா ஒண்டுமில்லை. பக்கத்தாலை பார். இவன்ரை கை போன பாதை தெரியுது."

"கை போன பாதையை விட்டிட்டு ஒரு முகத்தைக் கீறியிருக்கலாம்தானே?"

"யுத்தம் முடிஞ்சாப் பிறகு ஆரின்ரை முகத்தைக் கீறுறது?"

மழை விட்டதும் தேநீர்க்கடைக்கு நடந்தோம்.

அடுத்த வாரமே ஒரு வாளி வெள்ளைச் சாந்தும் அகன்ற தகட்டுக் கத்தியும் வாங்கிவந்தாய். கித்தான் வாங்கவில்லை. "படம் எண்டால் ஆரும் விலை கேப்பினம். சுவரை ஆர் கேக்கப்போயினம்?" என்றாய். நொய்கெல்ன் பகுதியில் உன் வாடகை வீட்டின் கூடத்துச் சுவரில், வேலை முடிந்து வந்த மாலைகளில், வெள்ளைமேல் வெள்ளையாக இழுத்தாய். பெரிய பெரிய வளைவுகள். நீண்ட பேருந்தைச் சந்தியில் திருப்பும்போது உன் தோளும் முழங்கையும் போடும் அதே வளைவு. விளக்கைத் தரையில் வைத்தால் ஒவ்வொன்றும் எழுந்துவரும். மேலே உள்ள மின்குமிழைப் போட்டால் சுவர் வெறும் சுவராகிவிடும். இதை நான் ஐரோப்பியக் கலைமரபோடு ஒப்பிட்டுப் பேசத் தொடங்கினால், "தள்ளி நில்லடா, வெளிச்சத்தை மறைக்கிறாய்" என்பாய்.

நோய் வந்தபின் வளைவுகள் கீழிறங்கின. முதலில் தோளுயரத்துக்கு, பிறகு இடுப்புக்கு. கடைசியை நாற்காலியில் இருந்தபடி இழுத்தாய். ஒரு சாண் நீளம்கூட இல்லை. மற்ற வளைவுகளில் கத்தி சுவரை விட்டு விலகும் இடம் கூராக இருக்கும். அதில் அப்படியில்லை, கத்தி நின்ற இடத்திலேயே நடுங்கியிருக்கிறது. நான் அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

இந்த நாட்டில் வாடகைக்கு இருந்தவன் போகும்போது சுவர்களை வெள்ளையாக விட்டுப் போகவேண்டும். அந்த வகையில் உன்னைப் போல விதிக்கு அடங்கியவன் கிடையாது. ஆனால் அடுத்து வருபவன் முதல் நாளே அதில் அலுமாரியைச் சாத்துவான். உன் சாம்பல் கடலுக்குப் போய்விட்டது. உடுப்புகளைக் கோயில் மூலம் கொடுத்தாயிற்று. உன் கை போன பாதை அந்தச் சுவரில் மட்டும்தான் இருந்தது. ஓர் அருங்காட்சியகத்துக்கு எழுதினேன். தாங்கள் சுவர்களை ஏற்பதில்லை என்று மிகுந்த மரியாதையோடு பதில் வந்தது. வெட்டியெடுக்கலாமா என்று ஒரு கட்டடக்காரரைக் கேட்டேன். எடுக்கலாம், மேல்மாடியும் சேர்ந்து வரும் என்றார். கைபேசியில் படம் எடுத்தேன். ஈரம் ஏறிய சுவர்போல இருந்தது.

எஞ்சியது செவ்வாய்க்கிழமைதான். சாவியை ஒப்படைக்கும் முன் வீட்டைப் பார்த்துப்போக அவர்கள் குறித்துத் தந்த நேரம், டெர்மின். வீட்டு நிர்வாகத்திலிருந்து வருபவர் அதைப் பார்த்தால், அடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடும். பார்க்காவிட்டால் சொல்ல ஒருவருமில்லை. ஆகவே விளக்கு.

அவர் வந்தார். குழாய்களைத் திறந்து மூடினார், யன்னல்களை ஆட்டிப் பார்த்தார். லைப்சிக்கிலிருந்து வந்திருந்த உன் அக்கா, ஒவ்வொரு யன்னலுக்கும் தானே பொறுப்பு என்பதுபோல் பின்னால் நடந்தார். நான் கூடத்தை இருட்டாக்கி விளக்கைப் போட்டேன். அந்த மனிதர் வெகுநேரம் நின்றார். குனிந்து, அந்தக் கடைசிச் சாண் நீளத்தையும் பார்த்தார். பிறகு, "இது இப்படியே இருக்கட்டும். வருகிறவரிடம் சொல்கிறேன்" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டுப் போனார். நான் விளக்கை அணைக்கவில்லை.

"தம்பி, இதென்ன சுவரெல்லாம் மேடும் பள்ளமும்?" என்றார் அக்கா. "நான் இவ்வளவு நாளும் காணேல்லையே."

"அது அவன் செய்தது அக்கா. ஆசைப்பட்டுச் செய்தது. இருக்கட்டும் எண்டுதானே அந்தாளும் சொல்லிப்போட்டுப் போறார்."

"அவை முகத்துக்கு நேரை அப்பிடித்தான் சொல்லுவினம். பிறகு, தமிழர் இருந்து பழுதாக்கின வீடு எண்டுவினம். என்ரை தம்பி இந்த நாட்டிலை ஒருத்தரிட்டையும் ஒரு சொல் கேட்டவனில்லை."

"அக்கா, கும்பிட்டுக் கேக்கிறன், அதைத் தொடாதேங்கோ. அவனிலை மிச்சம் இது ஒண்டுதான்."

"ஓம் தம்பி, ஓம்" என்று என் முதுகைத் தடவினார்.

இப்போது எந்த அறைக்குள் போனாலும் சுவரோடு சாய்ந்து பார்க்கிறேன். வங்கியில் பார்த்தேன், பல் வைத்தியரிடம் பார்த்தேன். பல் வைத்தியரின் சுவரைப் பூசியவர் இடக்கைக்காரர், அவசரத்தில் இருந்திருக்கிறார். இந்தத் தகவலைச் சொல்ல உன்னைத் தவிர ஆளில்லை. உன் வளைவுகளை என் கையால் காற்றில் இழுத்துப் பார்க்கிறேன். தோளும் முழங்கையும் வருகின்றன. அதற்குமேல் உன் முகத்தை நினைக்கப் போனால் பக்கவாட்டில்தான் தெரிகிறது, பேருந்து ஓட்டுபவனை முன்னிருக்கையிலிருந்து பார்ப்பதுபோல.

சனிக்கிழமை உன் அக்காவும் அவருடைய மருமகனும் வந்து, சுவரை மட்டமாக உரசி, இரண்டு தரம் வெள்ளை அடித்துவிட்டுப் போனார்கள்.