அத்தையும் நானும் ஒரு சின்ன வெள்ளைப் பந்தும்

மார்ச் 4, செவ்வாய்

வீட்டுக்குள் நுழையும்போதே எண்ணெய் வாசனை. அத்தை சமையலறைத் தொட்டி முன் நின்று, நேற்று வாங்கிய எண்ணெய் டப்பாவைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். கொழகொழவென்று அத்தனையும் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது.

"உங்கள் சமையலறையில் ஒளிந்திருக்கிறதா இந்த விஷம்?" காலையில் அவர் கைபேசியில் வந்து விழுந்த செய்தியாம். திறந்து உள்ளே படிக்கத் தைரியம் வரவில்லையாம்.

"யாரோ ஒரு புண்ணியவான் முன்கூட்டியே சொன்னான். பொழச்சோம்" என்றார்.

அந்தப் புண்ணியவான் நான்தான்.

செய்தி நிறுவனத்தில் என் வேலையே அது. திரையில் 'டிங்' என்று வந்து விழுமே, அந்த ஒற்றை வரியை எழுதுவது. பார்த்தவர் விரல் தானாகப் போய்த் தொட வேண்டும். தொட வைப்பதில் நான் கெட்டிக்காரி என்று பெயர். எந்த எண்ணெயும் விஷமில்லை. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாதீர்கள் என்பதுதான் அந்தக் கட்டுரை மொத்தமும். ஆனால் அதை அப்படியே எழுதினால் யார் தொடுவார்கள்?

மருமகள் ஆபீசில் 'ஏதோ எழுதுகிறாள்' என்பது மட்டும்தான் அத்தைக்குத் தெரியும். என் கணவருக்கு எல்லாம் தெரியும். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குளியலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். பெற்ற தாய் நடுங்குகிறார், பிள்ளைக்குச் சிரிப்பு.

மார்ச் 5, புதன்

கைபேசியைக் காணோம் என்று வீடு முழுக்கத் தேடினேன். காதில் வைத்துப் பேசிக்கொண்டே.

மார்ச் 10, திங்கள்

காலையிலிருந்து அத்தைக்கு நெஞ்சு படபடப்பு. விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் கூட்டிப் போனேன். எல்லாச் சோதனையும் முடிந்தது.

"இதயம் நல்லா இருக்கும்மா. பயம்தான் உடம்புல ஏறியிருக்கு. நாள் பூரா போன்ல என்ன பார்க்கறீங்க?" என்று மருத்துவர் கேட்டார்.

அத்தை வரிசையாகச் சொன்னார். இடிந்து விழப்போகும் பாலங்கள், காலுறையால் வரும் நோய், குளிர்சாதனப் பெட்டி வெடிப்பு... பாதிக்கு மேல் என் கைவண்ணம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். குனிந்தவள் சும்மா இருந்திருக்கலாம். கை தானாகக் கைபேசியை எடுத்துவிட்டது.

மருத்துவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க கையைக் கொஞ்சம் கொடுங்க."

நாடி பார்த்தார். "இவங்களைக் கூட்டிட்டு வந்தீங்களா, இல்ல இவங்க உங்களைக் கூட்டிட்டு வந்தாங்களா? உங்களுக்குத்தான் வேகமா ஓடுது."

வெளியே பெஞ்சில் உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். எண்ணெய், பாலம், காலுறை, எல்லாமே. அத்தை தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வண்டி வந்து, ஆள் ஏறி, அதுவும் போய்விட்டது. திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அதையெல்லாம் எழுதறப்ப உனக்குப் பயமா இருக்காதா?" என்று கேட்டார்.

"இருக்கும் அத்தை."

"நாள் பூராவா?"

"நாள் பூரா."

"அடப் பாவமே" என்று என் முதுகைத் தடவினார். திட்டியிருந்தால் தேவலை.

மார்ச் 11, செவ்வாய்

என்ன பொழப்பு இது. வீட்டுல இருக்கற மனுஷியை நடுங்க வச்சுட்டு, இதுக்குப் பேரு வேலையா.

மார்ச் 15, சனி

இன்று நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால் கட்டடத்து லிப்ட் பழுது. மெக்கானிக் உள்ளே தலையை விட்டுக்கொண்டிருந்தார். இருப்பது ஐந்தாம் மாடி. அத்தையை ஏற வைக்க எனக்கு மனமில்லை. கீழே பொது அறையில் காத்திருந்தோம். அங்கே ஒரு மேசைப்பந்து மேசை உண்டு. வருஷக்கணக்காக உடைந்த நாற்காலிகளைச் சுமந்துகொண்டிருந்த மேசை. யாரோ ஒழித்துச் சுத்தம் செய்து, வலை கட்டி, இரண்டு மட்டையும் ஒரு பந்தும் வைத்திருந்தார்கள்.

"இதை எப்படி அடிக்கறது?" என்றார் அத்தை.

"எனக்கும் தெரியாது."

"அப்ப சரி, வா."

கைபேசிகளை ஜன்னல் விளிம்பில் வைத்தோம். கை வேண்டுமே, அதற்காகத்தான். வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

முதலில் பந்து மேசையைத் தவிர எல்லா இடத்திலும் விழுந்தது. அலமாரிக்கு அடியில், காய்கறிப் பைக்குள். ஒருமுறை என் நெற்றியில். அத்தை மட்டையைத் தோசைக்கரண்டி மாதிரி பிடித்து, ஒவ்வொரு அடிக்கும் "போ" என்று அதட்டி அனுப்பினார். போகப்போகப் பந்து அந்தப் பக்கம் போய், மேசையில் பட்டு, இந்தப் பக்கம் வந்தது. திரும்பவும் போனது. வந்தது. நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பேசினால் விழுந்துவிடும் என்று பயம். ஆனால் இது வேறு மாதிரி பயம், இனிக்கிற பயம்.

"ஏம்மா, லிப்ட் அப்பவே சரியாயிடுச்சு. ரெண்டு தடவை வந்து சொல்லிட்டேன்" என்றது ஒரு குரல். மெக்கானிக், கையில் பெட்டியோடு கிளம்பி நின்றார்.

எங்களுக்குக் கேட்கவே இல்லை.

மேலே வந்து பார்த்தால் ஆபீசிலிருந்து வரிசையாக அழைப்புகள். கடைசியில் ஒரு தகவல்: 'வேண்டாம், முடிந்துவிட்டது.' நான் இல்லாமலே ஏதோ நெருப்புப் பிடித்து, நான் இல்லாமலே அணைந்தும் இருக்கிறது.

மார்ச் 20, வியாழன்

தினமும் மாலை இறங்கிவிடுகிறோம். வாசலில் செருப்போடு கைபேசியையும் விட்டுவிட வேண்டும் என்பது அத்தை போட்ட சட்டம். ஆட்டத்தில் இரக்கமே கிடையாது. "என்ன, ஆபீஸ்ல சாப்பாடு போடலையா?" என்று கேட்டுக்கொண்டே மூலைக்குத் தள்ளுகிறார்.

ஒன்று கவனித்தேன். போன பந்தை நினைத்தாலும் தோற்கிறேன், வரப்போகும் பந்தை நினைத்தாலும் தோற்கிறேன். இந்தப் பந்தை மட்டும் பார்த்தால் ஏதோ கொஞ்சம் தேறுகிறேன்.

மார்ச் 24, திங்கள்

ஆபீசில் எங்கள் ஆசிரியரைத் 'தலைவர்' என்போம். கூப்பிட்டார். "பிரிவுத் தலைமையையே நீங்க எடுத்துக்கங்க. ஆனா இன்னும் வேகம் வேணும். மத்தவங்களுக்கு முன்னாடி நம்ம வரி போய் விழணும்."

சந்தோஷப்பட வேண்டிய விஷயம். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தேன். இத்தனை வருஷத்தில் நான் யோசிக்க நேரம் கேட்டதே இல்லை. அவர் முகத்தில் அது தெரிந்தது.

ஏப்ரல் 8, செவ்வாய்

முற்பகலில் குழாய்த் தண்ணீர் செந்நிறமாக வருகிறது என்று ஒரு படம் பரவியது. அரை மணிக்குள் எல்லா நிறுவனங்களும் 'தண்ணீரில் விஷமா?' என்று அனுப்பிவிட்டன. எங்கள் அறையில் எல்லாத் தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் அடித்தன. தலைவர் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"என்ன பார்த்துட்டே உக்காந்திருக்கீங்க? அனுப்புங்க."

"குடிநீர் அலுவலகத்துல ஒரு வார்த்தை கேட்டுடறேன்."

"கேள்விக்குறி போட்டு அனுப்புங்க. அப்புறம் கேட்டுக்கலாம்."

போன மாதமாயிருந்தால் அனுப்பியிருப்பேன். இன்று அனுப்பவில்லை. ஒரே ஒரு வேலைதான் முன்னால் இருந்தது: குடிநீர் அலுவலகப் பொறியாளரைப் பிடிப்பது. லைன் கிடைக்கவில்லை, திரும்ப அடித்தேன். கிடைத்தது, காத்திருக்கச் சொன்னார்கள், காத்திருந்தேன். தலைவர் பின்னால் நடந்த நடையில் தரை தேய்ந்திருக்கும். கடைசியில் பொறியாளர் வந்தார். பாவம், அவருக்குத் தொண்டையே கட்டியிருந்தது. பழைய குழாய்களைக் கழுவிவிடுகிறார்களாம். இரண்டு தெருக்களில் மட்டும் துருத் தண்ணீர். சோதனை முடிவும் கையில் இருந்தது. அதை யாரும் கேட்கவில்லையாம்.

எழுதினேன்: "தண்ணீரில் விஷம் இல்லை. இரண்டு தெருக்களில் குழாய் கழுவுகிறார்கள். அங்கே மட்டும் மாலை வரை குடிக்க வேண்டாம். மற்றவர்கள் வழக்கம்போல் குடிக்கலாம்."

எல்லோருக்கும் கடைசியாக அனுப்பினோம். தலைவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிற்பகலில் மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தங்கள் வரியை நீக்கினார்கள். எங்கள் வரி மட்டும் ஊரெல்லாம் கை மாறிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்தால் மூன்றாம் மாடிப் பல் டாக்டரம்மா வழிமறித்தார். எல்லோரும் குடங்களோடு கடைக்கு ஓடக் கிளம்பினார்களாம். அத்தை படிக்கட்டில் நின்று என் வரியை உரக்கப் படித்தாராம். "இது என் மருமக எழுதினது. அவ விசாரிக்காம எழுத மாட்டா. எல்லாரும் போய்த் தண்ணி குடிங்க."

விசாரிக்காமல் எழுத மாட்டேனாம்.

படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர். டாக்டரம்மா பயந்துபோய், "பல் வலியா?" என்று கேட்டார்.

ஏப்ரல் 9, புதன்

தலைவரிடம் சொன்னேன்: பிரிவுத் தலைமை வேண்டாம், காலையை என்னிடம் கொடுங்கள். தினமும் ஒரே ஒரு செய்திமடல். என்ன நடந்தது, நாம் என்ன செய்ய வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம். அவ்வளவுதான்.

"பயப்பட வேண்டாம்னு சொன்னா யார் திறப்பாங்க?"

"நேத்து திறந்தாங்களே."

கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "ஒரு மாசம் பார்ப்போம்" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கட்டடத்துப் பெண்கள் இரட்டையர் போட்டி. பல் டாக்டரம்மாவும் அவர் தங்கையும் ஒரு ஜோடி, நாங்கள் ஒரு ஜோடி. முதல் ஆட்டத்திலேயே தோற்றோம். அதுவும் எப்படி, துவைத்துக் காயப்போட்டுவிட்டார்கள்.

ஆனால் நடுவில் ஒரு பந்து. டாக்டரம்மா ஓங்கி அடித்தது, போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். அத்தை நின்ற இடத்திலிருந்து கையை மட்டும் நீட்டினார். மட்டையின் நுனியில் பட்டு, வலை மேல் உட்கார்ந்து, யோசித்து, அந்தப் பக்கம் விழுந்தது. என் கணவர் நாற்காலி மேல் ஏறி நின்று விசில் அடித்தார். அத்தை மட்டும் ஒன்றுமே நடக்காதது மாதிரி, "உம், அடுத்தது போடு" என்றார்.

தோற்றவர்கள் நாங்கள், வீட்டுக்குப் போக மனமில்லாமல் நின்றதும் நாங்கள்தான்.

மே 12, திங்கள்

ஏற்பாடெல்லாம் முடிந்து, முதல் மடல் இன்று காலைதான் போனது. எழுதும்போது ஜன்னலுக்கு வெளியே மழை பெய்திருக்கிறது. எழுதி முடித்து நனைந்த தரையைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

மதியம் அத்தை அழைத்தார். "உன் கடுதாசி வந்துச்சு. முழுசாப் படிச்சேன்."

"எப்படி இருந்தது அத்தை?"

"படிச்சு முடிச்சேனா, கண்ணாடியைக் கழட்டி வச்சேன். அப்படியே சோபாவுல ஒரு தூக்கம் போட்டுட்டேன். இப்பத்தான் எழுந்தேன்."

போனை வைத்தபோது தலைவர் எதிரே நின்றிருந்தார். "என்ன சிரிக்கறீங்க?"

"வாசகர் கருத்து வந்திருக்கு."

"என்னவாம்?"

"தூக்கம் வந்துச்சாம்."

அவர் முகம் விழுந்துவிட்டது. நான் இன்னொரு முறை சிரித்துவிட்டு, நாளைய மடலை எடுத்துக்கொண்டேன்.