உன் கார் கொழும்புக்கு ஓடிய ஓட்டம்

களுதாவளைப் பிள்ளையார் துணை

தேற்றாத்தீவு,
29.06.2025.

அன்புள்ள மருமகன் தனோஜனுக்கு,

தாய்மாமன் யோகராசா எழுதிக்கொள்வது. கடிதம் என்றால் சுகம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆகவே இங்கு எல்லாரும் சுகம். கட்டாரில் வெயில் ஆளை உருக்குகிறது என்று கேள்வி. தொப்பி போட்டுக்கொண்டு வேலை செய். இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் றிஸ்கானை உனக்குத் தெரியும், காத்தான்குடி மெக்கானிக் உசனாரின் மகன். லீவு முடிந்து திரும்புகிறான். போனிலும் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ இரண்டு நிமிடத்தில் "சரி மாமா, வேலை கிடக்கு மாமா" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார்.

உன் காரின் இஞ்சினைக் கழற்றி நிலத்தில் பரப்பி உசனார் உனக்குப் படம் அனுப்பினாராம். என்ன நடந்தது என்று நீ தங்கச்சி தனுஷியாவைக் கேட்டாயாம். அவள் "மாமாவையே கேளு" என்றாளாம். நல்ல பிள்ளை. அவளுக்குச் சொல்லத் தெரியாது. நான் ஏழாம் வகுப்பு என்றாலும் ஒன்றும் விடாமல் எழுதுவேன். ஒரு சொல் கூட்டமாட்டேன்.

போன காரணத்தை முதலில் எழுதுகிறேன். உன் அம்மா, என் அக்கா இலட்சுமிப்பிள்ளைக்குச் சீனி வருத்தத்தில் இடது கண் போய் நாலு வருடம் என்பது நீ அறிந்தது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மிஞ்சிய கண்ணின் ஓரத்தில் கறுப்புத் துணி தொங்குவது போல இருக்கிறது என்றா. தனுஷியா மட்டக்களப்புக்குக் கொண்டு போய்க் காட்டினாள். கண்ணுக்குள் இருக்கிற திரை கழன்று வருகிறதாம். நடு இடம் இன்னும் கழலவில்லையாம். மறுநாள் பத்து மணிக்கு முன் கொழும்புப் பெரிய டொக்டரிடம் ஒப்படைத்தால் அன்றைக்கே ஒப்பரேசன் செய்து ஒட்டிவிடுவாராம். பிந்தினால் அந்தக் கண்ணும் இல்லையாம். துண்டு எழுதிக் கொடுத்து, குலுக்காமல் பின் சீற்றில் ஒரு பக்கம் சரித்துப் படுக்கவைத்து மெல்லக் கொண்டு போங்கள் என்றார்களாம். மெல்லவும் போக வேண்டும், பத்து மணிக்கு முன்னும் போக வேண்டும்! படித்த ஆட்களுக்கு வாகனம் தெரியாது மருமகன்.

இதை உனக்குச் சொல்லக் கூடாது என்று அக்கா எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கினா. "பிள்ளை வேலைய உட்டுட்டு ஓடி வந்திருவான்" என்றா. நான் சத்தியம் மீறுகிற ஆள் இல்லை. ஆனால் நீ கேட்டது காரைப் பற்றி. காரைப் பற்றி எழுதினால் இது தானாக வருகிறது, நான் என்ன செய்ய?

அந்த நேரம் பார்த்து ஊரில் கண்ணகை அம்மன் சடங்கு. சடங்குக்குக் கோயில் கதவு திறந்தாயிற்று. இந்த வருடம் நம் குடிக்கு நான்தான் வண்ணக்கர், கோயில் பொறுப்பு முழுக்க என் தலையில். கதவு திறந்தால் வண்ணக்கர் ஊர் எல்லைக்கு வெளியில் இரவு தங்கக் கூடாது. ஒன்பது மணிப் பூசைக்கு அம்மாளின் வாசலில் நிற்க வேண்டும். றிஸ்கான் லீவில் நின்றவன், "நான் ஓட்டுறன் யோகராசா மாமா, கொழும்பு ரோட்டு எனக்குப் பழக்கம்" என்று வந்தான். என் மருமகன் வாங்கிய காரை இன்னொருவன் ஓட்டுவதா? கோயில் முற்றத்தில் ஊரே கேட்கச் சொன்னேன், விடியக் கொழும்பு, பொழுதுபட அம்மாளின் வாசல் என்று. சனம் வாயைப் பிளந்தது. உசனார் மட்டும் அசரவில்லை. "அண்ணன், இது அறுநூற்றறுபது சீசீ. ஊருக்குள்ள ஓடுற சாமான். எண்பதுக்கு மேல மிதிச்சிட்டு என்னத் தேடி வராதீங்க" என்றார். அவருக்குப் பொறாமை.

விடிய மூன்று மணிக்குச் சில்லுக்கு எலுமிச்சம்பழம் வைத்து நசித்து வெளிக்கிட்டோம். அக்கா பின்னால் தனுஷியாவின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தா. கல்லடிப் பாலத்தில் ஏற, வாவியில் நின்ற ஒரு வள்ளத்து விளக்கு எங்களோடு பந்தயம் பிடித்து ஓடி வந்து தோற்றுப்போனது. அப்படி ஒரு எடுப்பு! ஸ்டியரிங் வெண்ணெய். கிளச்சும் இல்லை கியரும் இல்லை, காலை வைத்தால் போதும்.

தன்னாமுனையில் நிறுத்தி அக்காவை எழுப்பி முன் சீற்றில் இருத்தினேன். வேண்டாம் என்று தனுஷியா குழறினாள். டொக்டர் சொன்னது எனக்கும் நினைவிருந்தது. ஆனால் நாளைக்கு நான் வேகத்தைச் சொன்னால் ஊர் நம்ப ஒரு சாட்சி வேண்டும். தனுஷியா சின்னப் பெட்டை, அவள் சொல்லை யார் எடுப்பார்? இலட்சுமிப்பிள்ளை பொய் சொல்லமாட்டா என்று ஊருக்கே தெரியும். "அக்கா, நீ மீற்றரை மட்டும் பார்த்து வா" என்றேன். பாவம், குனிந்து பார்த்துக்கொண்டே வந்தா.

ஓட்டமாவடி தாண்டியதும் மிதித்தேன். தொண்ணூறு. வெலிக்கந்தைப் பக்கம் ஒரு யானை ரோட்டில் நின்றது. ஹோனை ஒருதரம் அடித்தேன், யானை விலகி நின்று தும்பிக்கையைத் தூக்கியது. தனுஷியா யானையே நிற்கவில்லை என்பாள், அவள் அப்போது கண்ணை மூடிக்கொண்டு கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருந்தாள். மன்னம்பிட்டியில் ஒரு கொழும்பு பஸ் என்னை வெட்டப் பார்த்தான். விடுவேனா? பொலன்னறுவை மட்டுக்கும் அவனும் நானும்தான். ஒரு பள்ளத்தில் கார் விழுந்து எழும்பியதில் அக்காவின் தலை முகட்டில் முட்டியது. காருக்கு ஒரு கீறல் இல்லை. "யோகு, மெல்லப் போடா, கறுப்பு இறங்கி வருகுதுடா" என்றா. கண்ணாடிக்கு மேலே ஒட்டிய கறுப்புத்தாள் அது அக்கா என்றேன். அவ மறுபடி மீற்றரைப் பார்க்கக் குனிந்தா.

ஏழரைக்குக் குருநாகல். அங்கேதான் மருமகன், அந்தப் புது ஹைவே! நான்கு வரிசை, மாடு இல்லை, சைக்கிள் இல்லை, துடைத்து வைத்த தட்டம் மாதிரி. நூறுக்கு மேல் போகக் கூடாது என்று போர்ட் போட்டிருக்கிறான். நான் மிதித்த மிதியில் நூற்றி முப்பத்திரண்டு. சின்ன இஞ்சின் என்று யார் சொன்னது? பெரிய ஜீப்புகள் எல்லாம் பக்கத்துக்கு ஒதுங்கின. ஹைவே முடிகிற மீரிகமவில் இறங்கி, எவ்வளவு பார்த்தாய் அக்கா என்று கேட்டேன். அவ சொன்னதுதான் எனக்கு விழுந்த அடி. "இலக்கம் தெரியல்லடா. ஒரு வெளிச்சந்தான் தெரியுது" என்றா. தனுஷியா பின்னாலிருந்து எட்டிப் பார்த்து நூற்றிப் பன்னிரண்டு என்கிறாள். சாட்சியே கெட்டுப்போயிற்று.

அப்படியே விட்டால் ஊரில் எப்படித் தலை காட்டுவது? தனுஷியாவைச் சாட்சியாக்குவது என்று முடிவெடுத்து, காரைக் கிறுக்கி, வந்த வழியே குருநாகலுக்குத் திரும்ப ஏறினேன். அந்தப் பெட்டை, "மாமா, எட்டு மணியாப் போச்சு. கிறுக்காதீங்க மாமா, நேர போங்க. உங்கட காலப் பிடிக்கன்" என்று அழுதாள். காலைப் பிடித்தால் பிறேக் எப்படிப் பிடிப்பது என்று பகிடி விட்டேன், சிரிக்கவில்லை. திரும்பி ஓடியதில் நூற்றி நாற்பது. வீட்டில் எல்லாரிடமும் நூற்றி ஐம்பது என்றுதான் சொல்லியிருக்கிறேன், நீயும் அப்படியே சொல்லு. தனுஷியா மீற்றரைப் பார்க்கவே இல்லை. குருநாகலில் ஒரு பிளேன்ரீ குடித்து, இஞ்சினை ஆறவிட்டு, மறுகா ஒரு தரம் மீரிகமவுக்கு. இறங்கும்போது ஒன்பது தாண்டிவிட்டது. அதற்குப் பிறகு கொழும்புச் சனமெல்லாம் வேலைக்குப் போக ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அது என் பிழையா?

ஆஸ்பத்திரி வாசலில் பதினொன்று இருபது. காரின் பிழை ஒரு நூல் இல்லை, எழுதி வைத்துக்கொள். டொக்டர் காத்திருந்து பார்த்துவிட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு ஒப்பரேசன் செய்யப் போய்விட்டாராம். தமிழ் தெரிந்த நர்ஸ் மிஸ்ஸி ஒருத்தி நல்ல தங்கமான பிள்ளை. "அம்மாவைக் கட்டிலில் சேருங்கள், அசையாமல் படுத்திருக்கட்டும், நாளை விடிய முதலாவதாகப் பார்க்கச் சொல்கிறேன், இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கிறது" என்றாள். கட்டிலும் காட்டினாள். வெள்ளைத் துணி விரித்த கட்டில்.

நாளை விடிய என்றால் இரவு தங்க வேண்டும். நானோ வண்ணக்கர். தனுஷியா, "நீங்க போங்க மாமா, நான் அம்மாவோட நிக்கன்" என்றாள். சிங்களம் ஒரு சொல் தெரியாத குமர்ப்பிள்ளையைக் கொழும்பில் விட்டுவந்தால் ஊர் என்னைத்தானே கேட்கும்? அது மட்டுமில்லை, வண்ணக்கரின் கூடப்பிறந்தவளே கதவு திறந்திருக்கையில் எல்லைக்கு வெளியில் படுத்தால் நாலு பேர் கதைப்பார்கள். அக்கா கட்டிலைக் கையால் தடவிக்கொண்டு நின்றா. "ஒரு நாள்தானே யோகு, இருப்பமேடா" என்றா. அம்மாளைக் கோபிக்க வைத்துக் கண்ணை வாங்கப் போகிறாயா, இன்றிரவு அவள் வாசலில் நேர்த்தியாக வெள்ளிக் கண் ஒன்று போட்டால் தருகிறவள் அவளல்லவா என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு கட்டிலை விட்டு வந்து காரில் ஏறினா, மணி இரண்டாகிவிட்டது. மிஸ்ஸி வாசல் மட்டுக்கும் ஓடி வந்து என்னவோ சொன்னாள். கண்ணாடி பூட்டியிருந்தது, ஏசி போட்டிருந்தேன்.

திரும்பி வந்த ஓட்டம் இருக்கிறதே, அதை எழுத இந்தத் தாள் போதாது. புணானைக் காட்டில் சிவப்பு லைற் எரிந்து கரும்புகை வந்தது. வேறொருவன் என்றால் நிறுத்தியிருப்பான். அக்கா குடிக்கக் கொண்டு வந்த இரண்டு போத்தல் தண்ணீரையும் ஊற்றிப்போட்டு மிதித்தேன். எட்டு ஐம்பதுக்குக் கோயில் முற்றம்! பத்து நிமிடம் மிச்சம்! சனம் காரைச் சூழ்ந்துகொண்டது. வெடி கொளுத்தினார்கள். அது பூசை வெடி என்று சிலர் சொல்வார்கள், நீ நம்பாதே. நான் இறங்கி நின்ற நிற்பை நீ பார்த்திருக்க வேண்டும்.

அக்காவைக் கையில் பிடித்துச் சனத்துக்குள்ளால் கொண்டு போய் அம்மாளுக்கு நேரே நிறுத்தினேன். கோயிலில் வாங்கிய வெள்ளிக் கண்ணை அவவின் உள்ளங்கையில் வைத்தேன். முன்னால் நூற்றியெட்டு விளக்கு. எனக்கே கண் கூசியது. அக்கா என் காதுக்குக் கிட்ட வந்து, "யோகு, இன்னும் விளக்குக் கொளுத்தல்லயாடா?" என்று கேட்டா.

இப்போது கொளுத்துவார்கள் அக்கா என்று சொன்னேன். பூசை நேரத்தில் வேறு என்ன சொல்ல.

விடிந்ததும் தனுஷியா சாவியைப் பறித்துக்கொண்டு போய் றிஸ்கானைக் கூட்டி வந்தாள், திரும்பக் கொழும்புக்கு. கார் அசையவில்லை. இஞ்சின் உருகி ஒட்டிவிட்டதாம். பஸ்ஸில் ஒன்பது மணித்தியாலம் குலுங்கிப் போனார்கள். டொக்டர் பார்த்துவிட்டு, நேற்று இந்தக் கட்டிலில் படுத்திருந்தால் ஏதாவது செய்திருக்கலாம், இனி ஒன்றும் இல்லை என்றாராம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அக்கா இப்போது சுகம். வாசலிலிருந்து கிணற்றுக்குக் கயிறு கட்டிக் கொடுத்திருக்கிறேன், பிடித்துப் பிடித்துப் போய் வருவா. கரண்ட் போனாலும் அவவுக்கு ஒரு கவலையில்லை, நாங்கள்தான் மெழுகுதிரி தேடுகிறோம்.

நீ வீடியோவில் வரும்போது கூரை ஓடுதான் தெரிகிறது, போனைச் சரியாகப் பிடியுங்கள் அம்மா என்று சத்தம் போடுகிறாயாம். இனிப் போடாதே. அவ எங்கே பிடிப்பா? "நல்லா மெலிஞ்சு போனாய் மகன்" என்று ஒவ்வொரு தரமும் சொல்வா அல்லவா, அதை நம்பிச் சாப்பாட்டைக் கூட்டாதே. அது சும்மா சொல்வது.

சரி, கார் விசயம். உசனாரிடம் சொல்லிக் கெதியாகக் கட்டி முடிக்கச் செய். சாவியைத் தனுஷியா எனக்குத் தரமாட்டேன் என்கிறாள், நீ ஒரு சொல் சொன்னால் தருவாள். ஆவணியில் நீ வரும்போது எயர்போட்டுக்கு நானே வருவேன். ஐந்தே மணித்தியாலத்தில் உன்னை வீட்டு வாசலில் இறக்குகிறேன், இருந்து பார்.

இன்னொன்று இருக்கிறது. நான் படியில் கால் வைத்தால் அக்கா எழும்பிச் சுவரைப் பிடித்து உள்ளே போய்விடுகிறா. செருப்பைக் கழற்றிப்போட்டு, மூச்சையும் அடக்கிக்கொண்டு வந்து பார்த்தேன். அப்போதும் போய்விட்டா. சாப்பாட்டைக் கொண்டு போய் வைத்தால் ஆறிப்போய் அப்படியே கிடக்கிறது. அவவுக்கு வயசு போய்விட்டது, வேறொன்றும் இல்லை. நீ அவவோடு பேசும்போது, மாமா நல்லாத்தான் ஓட்டினார் அம்மா என்று ஒரு சொல் சொல்லிவிடு மகன். நான் சொன்னால் கேட்கமாட்டா. நீ சொன்னால் கேட்பா.

கண்ணகை அம்மாள் உன்னைக் காப்பாள்.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்
க. யோகராசா (வண்ணக்கர்)