ஆறு மாதம் நாலானது

மார்ச் 14, இரவு.

பாரிஸின் லா ஷப்பலில் நான் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்யும் வழக்கறிஞரிடம் இன்று ஜெராட் அண்ணை வந்தார். புறநகரான எபினேயில் சமையல் வேலை செய்யும் ஈழத்தவர். பிரான்சின் கடைசி நீதிமன்றமும் அவரது அகதி வழக்கை நிராகரித்து ஐந்து மாதமாகிறது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போகலாமா என்று கேட்டார்.

"முன்பு ஆறு மாத அவகாசம் இருந்தது. அந்த நீதிமன்றத்துக்கான ஒப்பந்தத்தைத் திருத்தி நாலாக்கிவிட்டார்கள்," என்றார் வழக்கறிஞர்.

அண்ணை கோபப்படவில்லை. "ஏன் குறைச்சவையாம்? கேளுங்கோ தங்கச்சி."

கேட்டுச் சொன்னேன். "இப்ப தகவல் எல்லாம் கெதியா, ஒரு நிமிசத்திலை போகுதாம், அண்ணை."

"எனக்குத் தீர்ப்பு வந்ததே போன கிழமைதான் தெரியும்."

அதை மொழிபெயர்த்ததும், அவருடைய முந்தைய வழக்கறிஞருக்குத் தீர்ப்பு கிடைத்த நாளிலிருந்தே கணக்கு என்றார் வழக்கறிஞர். நாடுகடத்தும் உத்தரவு வந்தால் அதைத் தனியாக எதிர்க்கலாம் என்றும் சொன்னார்.

வாசலில் அண்ணை கேட்டார்: "ஒப்பந்தத்தைத் திருத்தேக்கை எங்களைப்போல ஆக்களிட்டையும் கேட்டவையோ?"

வீட்டுக்கு வந்ததிலிருந்து இணையத்தில் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.