எழுதியவர் பேசக் கூடாது

இன்று காலை சித்தூர் பஸ் நிலையத்தில் இறங்கியதும் மாம்பழக்கூழ் ஆலைகளின் புளித்த வாசனை மூக்கில் ஏறியது. உன் புடவையிலும் இதே வாசனைதான் இருக்கும். ஆலைப் பெண்களோடு நாளெல்லாம் பேசிவிட்டு அப்படியே திருப்பதிக் கருத்தரங்குக்கு வந்து நிற்பாய். "குளிச்சிட்டுத்தான்டி வந்தேன், போவல" என்று நீயே சிரிப்பாய்.

இன்னும் எழுதி முடிக்காத ஆய்வுக் கட்டுரைகளுக்கான கூட்டம் அது. ஒருவர் கட்டுரையை இன்னொருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். எழுதியவர் கடைசிவரை வாயைத் திறக்கக் கூடாது. போன வருஷம் என் கட்டுரை உன்னிடம் வந்தது. புதுக் கம்பெனிகள் வந்து ஆண்களெல்லாம் சென்னைப் பக்கம் வேலைக்குப் போன பிறகு, சத்தியவேட்டுக் கிராமங்களில் தங்கிவிட்ட பெண்களைப் பற்றியது. பாதிப் பேருக்கு மேல் 'வேலையில்லை' என்று எழுதியிருந்தேன். "சும்மாதாம்மா கீறேன்" என்றுதானே அவர்கள் சொன்னார்கள்!

நீ அக்கறையாகத்தான் எடுத்துச் சொன்னாய். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். "சும்மா கீறேன்னு சொன்னப்ப அவ கையில இன்னா இருந்துச்சு?"

எனக்கு நாக்கு துடித்தது. கூட்டத்தின் விதி விடவில்லை. டீ குடிக்கும்போதுதான் சொன்னேன்: "புல்லுக்கட்டு."

"அப்பறம் இன்னாடி வேலையில்ல? திரும்பப் போய்க் கேளு" என்று என் பிஸ்கட்டையும் எடுத்துத் தின்றுவிட்டாய். போனேன், கேட்டேன். என் கட்டுரை பிழைத்தது அப்படித்தான்.

இந்த வருஷம் உன் முறை. நீயோ பாதியில் விட்டுவிட்டு ஒரேயடியாகக் கண்ணை மூடிவிட்டாய். உன்னோடு ஆலைப் பெண்களைப் பற்றிய உன் கட்டுரையும் போய்விடுமோ என்று பயந்து, போன வாரம் நானே அதை எடுத்துச் சொன்னேன். எல்லோருக்கும் பிடித்தது. ஒருவர் மட்டும், "மாம்பழ சீசன் முடிஞ்சா இந்தப் பொம்பளைங்க இன்னா பண்றாங்க? அது இல்லாம இந்தக் கட்டுரை நிக்காதே" என்றார். நியாயமான கேள்வி. கூட்டத்தை நடத்தியவர் பழக்க தோஷத்தில், "எழுதினவங்க பதில் சொல்லலாம்" என்றார்.

வாயைத் திறக்கக் கூடாது என்ற விதியை இவ்வளவு ஒழுங்காக நீ ஒருநாளும் காத்ததில்லையே என்று உன்மேல் கோபம்கூட வந்தது. அங்கேயே அழுதுவிட்டேன்.

அந்தப் பதிலைத் தேடித்தான் இன்று வந்தேன். ஆலைகள் மூடும் வாரம் இது. வாசலில் உன் பெண்கள் உன்னைத்தான் விசாரித்தார்கள். நீ இல்லை என்று சொன்னேன். பிறகு ஒருத்தியிடம் கேட்டேன், இனி சீசன் வரும்வரை என்ன செய்வீர்கள் என்று.

"இன்னா பண்ணுவோம், சும்மாதான் இருப்போம்" என்றாள்.

எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு, அவள் கையைப் பார்த்தேன்.