விழாவின் கால்

அன்பு மிகுந்த (இன்றைக்கு ரொம்பவே குறைந்த) அப்பாவுக்கு,

நம் தெருச் சங்கத்தில் எல்லார் முன்னாலும் படிக்க ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னீர்கள். எழுதுகிறேன்.

"மரம் நடு விழா" பேனரில் 'நடு'வின் மேலும், 'விழா'வின் கடைசிக் காலின் மேலும் வெள்ளைத்தாள் ஒட்டியது நான்தான். சிறப்பு விருந்தினர் அதை மைக்கில் "மரம் விழ" என்று உரக்கப் படிப்பார் என நான் கனவிலும் நினைக்கவில்லை. சரி, நினைத்தேன்.

"தெருவே பாக்க என் காலை வாரிவிட்டுட்டியேடி!" என்று கத்தினீர்கள். நான் வாரியது விழாவின் காலை, அப்பா. நீங்கள் மேடை போட இடம் வேண்டுமென்று தெருமுனை மரத்தையே சாய்த்தீர்கள். மரம் நடுவதற்காக மரம் வெட்டிய சங்கத்துக்கு நீங்கள் தலைவர்!

ரம்பம் வந்த அன்றே சொன்னேன். "அப்பா, பொந்துல மைனாக் குஞ்சுங்க இருக்குப்பா." போனிலிருந்து தலையைத் தூக்காமல், "போடி வாலு, ஒண்ணு போனா நூறு நடுறோம்" என்றீர்கள். அந்த நூறு கன்றில் எதில் பொந்து இருக்கிறது? சொல்லுங்கள், இப்போதே குடிவைக்கிறேன்.

விழுந்த கிளைகளுக்குள்ளிருந்து எடுத்துவந்தவற்றை, உங்கள் புது ஷூ வந்த அட்டைப்பெட்டியில் வைத்திருக்கிறேன். நேற்று அதில் இரண்டு கத்தின. இன்று ஒன்றுதான் கத்துகிறது.

'அப்பா உள்ளே வரக்கூடாது' என்று என் அறைக் கதவில் ஒட்டியிருந்ததைக் கிழித்துவிட்டேன். வந்து முதலில் அந்த ஒன்றிடம் மன்னிப்புக் கேளுங்கள். பிறகு சங்கத்தில் நான் கேட்கிறேன், மைக்கிலேயே.

இப்படிக்கு,
இன்னும் வால் முளைக்காத ஒன்றுக்குக் காவலிருக்கும்
உங்கள் வாலு