மெர்சியும் பிட்டியும்

அண்ணா,

உங்கள் ஆங்கிலச் சொற்பொருள் நூல் கிடைத்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் விவிலியத்திலும் ராமாயணத்திலும் மேற்கோள் தேடி ஒன்பது வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டவள் நான். முன்னுரையில் வெறும் 'தட்டச்சு உதவி' ஆகிவிட்டேன்.

வெளியீட்டு விழாவில் ஒரு மாணவி, "மெர்சிக்கும் பிட்டிக்கும் என்ன சார் வித்தியாசம்?" என்று கேட்டாளாமே. பேராசிரியரான நீங்கள் இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தீர்களாம். அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

அந்த மாணவி என்னைத் தேடி வந்தாள். விவிலியத்தில், கல்லெறிய வந்த கூட்டத்திடமிருந்து ஒரு பெண்ணைக் காத்த கருணை மெர்சி. ராமாயணத்தில், போரில் ஆயுதமெல்லாம் இழந்து வெறுங்கையோடு ஊர் திரும்பிய அரக்கனைப் பார்த்தால் நமக்கு வரும் பரிதாபம் பிட்டி என்றேன்.

"நீ வந்தாத்தான் ரெண்டாம் பாகம் நடக்கும்மா" என்று இப்போது குழைகிறீர்கள். எனக்குக் கோபம்கூட இல்லை. அதற்கும் ஒரு தகுதி வேண்டும். இரண்டாம் பாகத்தை அவளும் நானும் எழுதுகிறோம். பதிப்பகமும் ஒப்புக்கொண்டது. வாசலில் வந்து நிற்காதீர்கள், எங்களுக்கு வேலை இருக்கிறது.

தங்கை