அவள் கயிற்றை இழுத்தாள்

7 ஏப்ரல் 2025, திங்கள்

வேலை முடிந்து கேண்டீனில் இங்கிலீஷ் வகுப்பு. அடுத்த மாதம் எங்கள் கையுறையை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனி ஆள் அனுப்புகிறதாம். எங்களில் சிலரைத் தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்பார்களாம். அந்தச் சிலரில் என் பெயரை எந்தப் புண்ணியவான் சேர்த்தானோ! படிவம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை விட்டவள் நான்.

பாடம் எடுப்பவர் ஆபீசில் ஆள் விவகாரம் பார்க்கும் மிஸ் சந்திரமதி. "சரளா, நேற்று நீங்கள் என்ன செய்தனீங்கள்? இங்கிலீசிலை சொல்லுங்கோ." யாழ்ப்பாணத்துத் தமிழ். அதைக் கேட்டாலே எனக்குப் பாதி நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"ஐ குக் ஃபிஷ்" என்றேன். குக்ட் என்று திருத்தினார். "ஐ கோ மார்க்கெட்." வென்ட் என்றார். சமைத்தால் வால் முளைக்கிறது, போனால் ஆளே மாறிவிடுகிறது. என்ன பாஷையோ.

வாலைக்கூடப் பிடித்துவிடலாம். ஆனால் நடந்ததைச் சொல் என்றால் என் மனசு நேற்றில் நிற்பதில்லை. என் பக்கத்தில் நின்று வேலை செய்த துளசிக்கு விரல் போன அன்றைக்கு ஓடிவிடுகிறது.

10 ஏப்ரல், வியாழன்

எழுதினால் பயம் குறையுமா? பார்க்கிறேன்.

லைனில் கையுறை வார்க்கும் பீங்கான் கைகள் சங்கிலியில் ஓடிக்கொண்டே இருக்கும். அதில் காய்ந்த கையுறையை உருவுவது எங்கள் வேலை. பிப்ரவரியில் ஒரு நாள் கையுறை ஒன்று சங்கிலியில் சிக்கியது. துளசி எடுக்கப் போனாள். சட்டைக் கை மாட்டிக்கொண்டது. இடது கையால் தலைக்கு மேல் ஓடும் சிவப்புக் கயிற்றை இழுத்தாள். இழுத்தால் லைன் நிற்க வேண்டும். நிற்கவில்லை. மறுபடியும் இழுத்தாள். நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் கண்ணால் பார்த்தேன். யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை அணைப்பதற்குள் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

கம்பெனி என்ன சொல்கிறது? அவள் கயிற்றைத் தொடவே இல்லையாம். கவனக்குறைவாம். மறுநாள் எல்லார் முன்னாலும் இழுத்துக் காட்டினார்கள். லைன் சட்டென்று நின்றது.

நிற்காமல் என்ன? விபத்து நடந்த அன்று சாயங்காலமே மெஷின் பழுது பார்க்கும் அப்பாவு அண்ணன் ஏணி போட்டு அந்தக் கயிற்று முடிச்சுகளை அறுத்துவிட்டாரே.

போன ஆயுத பூசைக்குக் கட்டியது அது. மாவிலைத் தோரணம் தொங்கவிட வாகாக அந்தக் கயிறுதான் இருந்தது. இலைக் கனத்தில் கயிறு இறங்கி லைன் நின்றுவிடுமே என்று, அப்பாவு அண்ணன் அங்கங்கே நைலானால் மேலே இருந்த கம்பியோடு இறுக்கிக் கட்டினார். பூசை முடிந்து தோரணத்தை அவிழ்த்தோம். முடிச்சு அப்படியே இருந்துவிட்டது. சூப்பர்வைசருக்குத் தெரியும். தவறிக் கை பட்டு லைன் நிற்பதில்லை என்று அவருக்கு மகிழ்ச்சி. கயிற்றை வாராவாரம் சோதிக்க வேண்டுமாம். எவர் சோதித்தார்?

முடிச்சை அறுக்கும்போது நான் பார்த்துவிட்டேன். ஏணியில் நின்றபடியே அப்பாவு அண்ணன் சொன்னார்: "சரளா, எம்புள்ளைங்க படிக்குது லா." அவ்வளவுதான். நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

எழுதியும் குறையவில்லை.

15 ஏப்ரல், செவ்வாய்

வீட்டுக்காரர் ரூபனிடம் எல்லாம் சொல்லிவிட்டேன். தட்டிலிருந்து தலை நிமிராமல், "வாய வச்சுக்கிட்டு சும்மா இரு லா. பூசைய நிறுத்திட்டானுங்கன்னா நம்ம ஆளுங்களே ஒன்னத்தான் திட்டுவாங்க" என்றார்.

22 ஏப்ரல், செவ்வாய்

இன்றைய பாடம்: "கை காயத்தைப் பற்றிக் கேட்டால் 'ஷி வாஸ் கேர்லெஸ்' எண்டு சொல்லுங்கோ. அது போதும்."

எல்லாரும் சேர்ந்து சொன்னோம். ஷி வாஸ் கேர்லெஸ். ஷி வாஸ் கேர்லெஸ். நான் உதட்டை மட்டும் அசைத்தேன். மிஸ் யார் முகத்தையும் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் மேலே ஆள் உண்டு போலிருக்கிறது.

3 மே, சனி

துளசியைப் பார்க்க அவள் ஊரான பத்து காஜாவுக்குப் போனேன். தாளிக்கும் கரண்டியை இடது கையால் பிடித்திருந்தாள்.

"நான் இழுத்தேன்னு யாருமே நம்பலடி. எங்கம்மாவே, பதட்டத்துல மறந்திருப்பேங்கறாங்க. நீ பக்கத்துல தானே இருந்த? நீ ஒருத்தி சொன்னா போதும் எனக்கு."

அவள் கலக்கிக் கொடுத்த தே தண்ணி ஆறும் வரைகூட உட்காராமல் கிளம்பி வந்துவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷி.

14 மே, புதன்

நாளைக்குத்தான் கேள்வி கேட்க வருகிறார்கள். உண்மையைச் சொன்னால் அப்பாவு அண்ணன், சொல்லாவிட்டால் துளசி. எனக்குக் காய்ச்சல் வந்து தொலைக்கக் கூடாதா?

15 மே, வியாழன்

காய்ச்சல் வரவில்லை.

சிறிய அறை. ஒரு வெள்ளைக்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். மிஸ் சந்திரமதியை வெளியே இருக்கச் சொல்லிவிட்டாள். காயம் பட்டவள் என்ன செய்தாள் என்று மெதுவாகக் கேட்டாள். படித்த வரி நாக்கு நுனியில் தயாராக நின்றது. ஷி வாஸ் — அதோடு நின்றுவிட்டேன். மேசைக் காலோடு முட்டியை அழுத்திக்கொண்டேன்.

"ஷி புல்ட்" என்றேன். "டூ டைம் ஷி புல்ட். லைன் நாட் ஸ்டாப்."

ஏன் என்றாள். கயிற்றைக் கட்டியிருந்தது, சாமி கும்பிட, சூப்பர்வைசருக்கும் தெரியும் என்று தெரிந்த சொற்களையெல்லாம் கொட்டினேன். எது நேற்று எது இன்று என்றெல்லாம் பார்க்கவில்லை. யார் கட்டியது என்று கேட்டாள்.

அப்பாவு அண்ணன் முகம் வந்து நின்றது.

"வீ" என்றேன். "வீ டைட்." எல்லாரும் சேர்ந்து கட்டினோம் என்று.

19 மே, திங்கள்

என்னைப் பேக்கிங்குக்கு மாற்றிவிட்டார்கள். இனிமேல் லைன் பக்கம் பூசை கிடையாதாம். கேண்டீனில் என் மேசைக்கு ஒருவரும் வரவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். வேலையை விட்டுத் தூக்குவார்களோ? இன்னும் தெரியவில்லை.

29 மே, வியாழன்

அப்பாவு அண்ணன் தானாகவே ஆபீசுக்குப் போய் 'நான்தான் கட்டினேன்' என்று சொல்லிவிட்டாராம். எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். இன்று கேண்டீனில் என் எதிரே வந்து உட்கார்ந்தார். சாப்பிட்டு எழுந்து போனார்.

8 ஜூன், ஞாயிறு

துளசி வீட்டுக்கு வந்திருந்தாள். நாளைக் காலை கையுறை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியின் தலைமை அலுவலகத்து ஆட்கள் அவளை விசாரிக்கிறார்கள், இங்கிலீஷில். மிஸ் சந்திரமதி மொழிபெயர்ப்பாரே என்றேன்.

"வேணாம்டி. நடந்தது எனக்கு. நானே சொல்றேன். நீ சொல்லிக் குடு."

சமையலறையில் உட்கார்ந்தோம். ஐ புல்ட் த ரோப் சுலபமாக வந்துவிட்டது. லைன் நிற்கவில்லை என்பதற்குத்தான் திணறினாள். பிறகு கேட்டாள்: "நான் பொய் சொல்லலன்னு எப்படிடி சொல்றது?"

சொல்லிக் கொடுத்தேன்.

விரல் இல்லாத கையை மேசைமேல் வைத்துக்கொண்டு சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். ஐ டிட் நாட் லை. ஐ டிட் நாட் லை. நானும் கூடவே சொன்னேன். ரூபன் கதவருகே வந்து நின்றார். திட்டப்போகிறார் என்று பயந்தேன்.

"காலைல எத்தன மணிக்குப் போவணும்?" என்று கேட்டார். "ரெண்டு பேரையும் நானே கொண்டுபோய் விடறேன்."